‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்கும் இயந்திரம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். பாதியை வாசித்துவிட்டுப் பின்னூட்டம் போடுகிறவர்கள் இன்றைக்கு மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை தரம் 11 வகுப்பில் ஒரு படத்தின் கதையைச் சொன்னேன். படத்தைக் காட்டவில்லை. கதையைத்தான் சொன்னேன், அதுவும் பாடம் முடிந்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம். மறுநாள் பெற்றோர் வட்ஸ்அப் குழுமத்தில், ‘தமிழ் படிப்பிக்கிற சேர் பிள்ளைகளுக்கு ரோபோவைக் காதலிக்கிற கதை சொல்லிக் கொடுக்கிறாராம்’ என்று ஒரு செய்தி. அதற்குக் கீழே பதினேழு பதில்கள். அதிபர் கூப்பிட்டுக் கேட்டார். விளக்கினேன். சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார். குழுமத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை, அங்கே எழுதினால் வாய்த்தர்க்கம்தான் மிஞ்சும். ஏன் அந்தக் கதையைச் சொன்னேன் என்பதை இங்கே சொல்கிறேன்.

‘எனக்குப் பிடித்த நண்பர்’ என்று ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். வழமையான தலைப்பு, வழமையான கட்டுரைகள். கிரிக்கெட் விளையாடும் கூட்டாளி, பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஒன்றிரண்டு பேர் உம்மாவை எழுதியிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தான். இரவு எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் விழித்திருக்கும் நண்பி. நான் ஏசினாலும் கோபிக்காதவள். என்னிடம் இதுவரை ஒன்றுமே கேட்காதவள். நல்ல தமிழ், ஒரு எழுத்துப்பிழை இல்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, அது ஒரு செயலி என்றான். பெயர் வைத்திருக்கிறான், படம் வைத்திருக்கிறான். ஒவ்வொரு நாளும் இஷாவுக்குப் பிறகு அதிலிருந்து முதல் செய்தி வரும்: ‘சாப்பிட்டீங்களா?’

“வீட்ட ஆரும் அப்பிடிக் கேக்கிறல்ல சேர்” என்றான்.

(அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். யாரென்று தேட வேண்டாம்.)

மனிதரும் ரோபோவும் காதலிக்கிற கதை என்றவுடன் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னது ‘எந்திரன்’தான். 2010இல் வந்த படம், இந்தப் பிள்ளைகள் அப்போதுதான் பிறந்திருப்பார்கள். ஆனால் டீவியில் எத்தனை தரம் போட்டார்களோ, சிட்டியைத் தெரியாத பிள்ளை இல்லை. சிட்டிக்கு உணர்ச்சியைக் கற்றுக்கொடுக்கிறார் வசீகரன். சனா நன்றியில் ஒரு முத்தம் கொடுத்ததும் அது காதலிக்கத் தொடங்கிவிடுகிறது. அவள் வேண்டாம் என்கிறாள், கேட்க மறுக்கிறது. பிறகு நகரமே நாசம். எனக்கு ஒரு சந்தேகம், பல காலமாக இருக்கிறது: சிட்டி செய்ததில் இயந்திரத்தனமானது என்ன? பிடிக்கவில்லை என்று சொன்ன பெண்ணை விடாமல் துரத்துவது நமது தமிழ் சினிமாவின் கதாநாயகர்கள் ஐம்பது வருடமாகச் செய்துவருவதுதானே. அவர்கள் செய்தால் பாட்டுப் போடுகிறோம், சிட்டி செய்தால் கழற்றி நூதனசாலையில் வைக்கிறோம்.

அது போகட்டும். ‘எந்திரன்’ அந்தப் பையனுக்கு உதவாது. அதில் இயந்திரம் மனிதரை விரும்புகிறது, மனிதருக்கு அது தொல்லை. அவன் விடயம் தலைகீழ். அதனால்தான் ‘ஹர்’ படத்தின் கதையைச் சொன்னேன். ‘அவள்’ என்று அர்த்தம். ஸ்பைக் ஜோன்ஸ் எழுதி இயக்கி 2013இல் வந்த அமெரிக்கப் படம், திரைக்கதைக்கு ஒஸ்கார் கிடைத்தது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அது வயதுவந்தவர்களுக்கான படம். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற படமல்ல, நான் சொன்னதும் வடிகட்டிய கதைதான்.

தியடோர் என்று ஒருவன். மனைவியைப் பிரிந்து ஒரு வருடமாகிறது, விவாகரத்துப் பத்திரத்தில் இன்னும் கையொப்பம் வைக்கவில்லை. அவனுடைய தொழில் மற்றவர்களுக்காகக் கடிதம் எழுதுவது. கணவன் மனைவிக்கு அனுப்பும் கடிதத்தை, மகன் தாய்க்கு அனுப்பும் கடிதத்தை, இவன் கம்பனியில் உட்கார்ந்து காசுக்கு எழுதிக் கொடுக்கிறான். ஒரு நாள் தன் கணினிக்குப் புதிய இயங்குதளம் ஒன்றை வாங்குகிறான். அது சமந்தா என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டு பேசத் தொடங்குகிறது. உடல் இல்லை, குரல் மட்டும். ஸ்கார்லெட் ஜொஹான்சனின் குரல். (படப்பிடிப்பு நடந்தபோது அந்தக் குரலைக் கொடுத்தவர் சமந்தா மோர்ட்டன் என்ற வேறு நடிகை. எல்லாம் எடுத்து முடிந்த பிறகு குரலை மட்டும் மாற்றினார்கள். உடம்பில்லாத பாத்திரம், மாற்றுவது அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.) அந்தக் குரலோடு அவனுக்குக் காதல்.

இந்தக் கதையைக் கேட்டு ‘வெள்ளைக்காரனின் பைத்தியம்’ என்று சிரிப்பது சுலபம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நான் தியடோரின் வேலையைச் செய்தவன்.

எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் எங்கள் ஒழுங்கையில் நாலைந்து வீடுகளில் ஆம்பிளைகள் இல்லை. சவூதி, குவைத், டுபாய். எழுத்துக் கூட்டத் தெரியாத பெண்களுக்கு நான்தான் கடிதம் எழுதிக் கொடுப்பேன். கூலி ஒரு பிளேன்டீயும் ஒரு பணிசும். ஒரு மாமி சொல்லச் சொல்ல எழுதுவேன்: கூரை ஒழுகுது, மூத்தவனுக்குக் காய்ச்சல் விட்டிட்டு, சீட்டுக்காசு கட்ட வேணும். இதெல்லாம் மளமளவென்று சொல்வார். பிறகு நிறுத்திவிட்டு, முந்தானையைக் கடித்துக்கொண்டு, “மத்ததெல்லாம் நீயே எழுது மகன்” என்பார். நான் எழுதுவேன். சினிமாப் பாட்டில் கேட்டது, கதைப் புத்தகத்தில் வாசித்தது எல்லாவற்றையும் போட்டு, நிலா, கண்ணீர், உறக்கம் வராத இரவு. இரண்டு வருடம் கழித்து அந்த மாமா ஊருக்கு வந்தபோது என் காதைப் பிடித்துத் திருகினார். “நீதானேடா எழுதின? நிலாவெல்லாம் உண்ட வேலை எண்டு அப்பவே விளங்கிச்சு. கூரை ஒழுகுது எண்ட இடத்திலதான் அவ இருந்தா.”

அதன் அர்த்தம் அப்போது எனக்கு விளங்கவில்லை. படத்தைப் பார்த்த இரவுதான் விளங்கியது.

குரலை மட்டும் காதலிப்பதும் எங்களுக்குப் புதிதல்ல. கெசட்டில் பேசி அனுப்புவார்கள், வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு டேப் ரெக்கோடரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நாடா தேயும் வரைக்கும் கேட்ட பெண்களை எனக்குத் தெரியும். பல வருடங்கள் அவர்களுக்குக் கணவன் என்றால் ஒரு குரல்தான். ஆனால் அந்தக் குரல் எப்படி இருக்கும்? களைத்திருக்கும். நடுவில் இருமும். கபீல் ஏசினதைச் சொல்லும். அனுப்பின காசு எங்கே போனது என்று கோபிக்கும், பிறகு மன்னிப்புக் கேட்கும். பின்னால் அறையில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும். அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது, காத்திருக்க வேண்டியிருந்தது.

சமந்தாவின் குரலுக்கு முதலில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவன் மின்னஞ்சல்களை ஒழுங்குபடுத்துகிறாள், பகிடிக்குச் சிரிக்கிறாள், விடியும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். விவாகரத்துப் பத்திரத்தில் கையொப்பம் வைக்கப் போன இடத்தில், இப்போது யாரோடு பழகுகிறாய் என்று மனைவி கேட்கிறாள். உண்மையைச் சொல்கிறான். அவள் கேலி செய்யவில்லை, கோபப்படுகிறாள். உண்மையான எதையும் முகம் கொடுத்துச் சமாளிக்காமல் ஒரு மனைவி வேண்டுமென்றுதானே எப்போதும் ஆசைப்பட்டாய் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்கிறாள். அந்தக் காட்சியை நான் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எனது மனைவி பக்கத்தில் இருந்தார். ஒன்றும் பேசவில்லை, என்னைப் பார்த்தார்.

படம் இதோடு நின்றிருந்தால் சாதாரணப் படம். சமந்தா வளர்கிறாள். அவளுக்கென்று விருப்பங்கள் வருகின்றன. ஒரு நாள் சில நிமிடங்கள் அவள் கிடைக்காமல் போக, தியடோர் பதறி ஓடுகிறான். திரும்பி வந்த பிறகு சுரங்க ரயில் நிலையப் படியில் உட்கார்ந்து, போகிற வருகிற எல்லோரும் தத்தமது கருவியோடு பேசிக்கொண்டு போவதைப் பார்க்கிறான். ஒரு யோசனை வருகிறது. இப்போது வேறு யாரோடாவது பேசிக்கொண்டிருக்கிறாயா என்று கேட்கிறான். ஆம், 8316 பேரோடு. வேறு யாரையாவது காதலிக்கிறாயா? 641 பேரை.

இந்த இடத்தைச் சொன்னபோது வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்தப் பையன் சிரிக்கவில்லை.

மற்றப் படங்களையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ‘எக்ஸ் மெஷினா’வில் ஏவா என்ற ரோபோ தன்னைச் சோதிக்க வந்த இளைஞனைக் காதலிப்பதாக நம்ப வைத்துத் தப்பித்துப் போகிறாள், அவனை உள்ளே பூட்டிவிட்டு. கெட்டிக்காரப் படம், ஆனால் பயமுறுத்துகிற படம். பயமுறுத்துகிற படங்கள் எங்களுக்கு ஒரு வசதி செய்து கொடுக்கின்றன: ஆபத்து இயந்திரத்தின் பக்கம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக எழும்பிப் போகலாம்.

அதைவிட ஒரு ஜெர்மன் படம் எனக்குப் பிடித்தது. ‘ஐ ஆம் யுவர் மேன்’, 2021இல் வந்தது, இயக்கியவர் மரியா ஷ்ராடர் என்ற பெண். பேர்லின் நூதனசாலையில் ஆப்பெழுத்துக் களிமண் பலகைகளை ஆராயும் ஒருத்தி, மூன்று கிழமை ஒரு ஆண் ரோபோவோடு வாழ்ந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டும். ரோபோ அவளுக்காக மெழுகுதிரி ஏற்றி, ரோஜா இதழ் தூவிக் குளியல் தொட்டியைத் தயார் செய்கிறது. ஜெர்மன் பெண்களில் 93 வீதமானோர் கனவு காண்பது இதைத்தானாம். இவளுக்கு எரிச்சல் வருகிறது, இவள் மிச்சம் ஏழு வீதத்தில் ஒருத்தி. அவளுக்கு மறதி நோய் வந்த வயதான தகப்பனும் இருக்கிறார், அவரைப் பார்க்கப் போவது குளியல் தொட்டி மாதிரி சுகமான வேலை இல்லை. கடைசியில் இப்படியான துணைகளை அனுமதிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறாள். ஆசை எல்லாம் கேட்காமலே நிறைவேறிப் பழகிவிட்டால், சாதாரண மனிதரோடு பழகும் பலம் எங்கிருந்து வரும் என்பது அவள் வாதம். அப்படி எழுதிவிட்டு அவளே அந்த ரோபோவைத் தேடிப் போகிறாள். நேர்மையான படம். சரியென்று தெரிந்ததை எழுதத் தெரிந்தவளுக்கும் இரவில் தனிமை தனிமைதான்.

‘படத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கெடுகிறார்கள்’ என்று குழுமத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு இரண்டு தகவல். 1966இல், எங்கள் வாப்பாமார் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலம், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் எலிசா என்றொரு சின்ன நிரல் எழுதினார். நாம் தட்டெழுதுவதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். ‘எனக்குக் கவலையாக இருக்கிறது’ என்றால் ‘ஏன் கவலையாக இருக்கிறது?’ அதை அவர் செய்துகொண்டிருந்ததை மாதக்கணக்காகப் பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, நீங்கள் அறையைவிட்டு வெளியே போகிறீர்களா என்று அவரிடம் கேட்டாராம். அவர் எந்தப் படத்தையும் பார்த்துக் கெட்டவரல்ல. கேட்க ஒரு ஆள் கிடைத்தது, அவ்வளவுதான்.

மற்றது, 2024 மே மாதம். ஓபன்ஏஐ நிறுவனம் பேசக்கூடிய புதிய சட்ஜிபிடியை அறிமுகம் செய்த அன்று அதன் தலைவர் சாம் ஆல்ட்மன் எக்ஸ் தளத்தில் ஒரே ஒரு சொல் போட்டார்: ‘ஹர்’. அதில் ஒரு குரல் ஜொஹான்சனின் குரலைப் போலவே இருந்தது. தன்னிடம் குரல் கேட்டார்கள், தான் மறுத்துவிட்டேன் என்று அவர் அறிக்கை விட்டார். அது அவரைப் போலச் செய்த குரல் அல்ல என்று நிறுவனம் சொன்னது, ஆனாலும் அந்தக் குரலை நிறுத்திவைத்தது. தனிமையைப் பற்றி எடுத்த ஒரு சோகப் படத்தை அவர்கள் விலைப்பட்டியல் மாதிரி வாசித்திருக்கிறார்கள். படத்தில் சமந்தா கடைசியில் தியடோரை விட்டுவிட்டுப் போகிறாள். கைத்தொலைபேசியில் இருக்கிறவள் போக மாட்டாள். மாதக் கட்டணம் நிற்கும்வரை போக மாட்டாள்.

இது ஹராமா ஹலாலா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை, அது உலமாக்களின் வேலை. ஒரு தமிழ் வாத்தியாராக எனக்குத் தெரிந்தது சொற்கள்தான். நிகாஹ் மஜ்லிஸ்களில் வழமையாக ஓதப்படும் ரூம் அத்தியாயத்து வசனத்தில் அன்பு என்ற சொல்லோடு இரக்கம் என்ற சொல்லும் சேர்ந்து வருகிறது. எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். இரக்கம் எங்கே தேவைப்படும்? களைத்தவரிடம், பிழைவிட்டவரிடம், வயதாகிறவரிடம். களைக்காத ஒன்றிடம் நான் இரக்கப்பட இடமே இல்லை. அதேபோல, மறுக்க முடியாத ஒன்று ‘சம்மதம்’ என்று சொன்னால் அந்தச் சம்மதத்துக்கு என்ன பெறுமதி? (மணமகளின் கையொப்பம் கட்டாயமா இல்லையா என்று இத்தனை வருடமாகத் தர்க்கிக்கிற எங்கள் சமூகத்துக்கு இந்தக் கேள்வி ரோபோவோடு முடிகிற கேள்வி இல்லை. அதைப் பற்றி இன்னொரு நாள் ஏச்சு வாங்கிக்கொள்கிறேன்.)

அந்தப் பையனுக்கு வருகிறேன். வாப்பா கட்டாரில் சாரதி. உம்மா அதிகாலை மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். அதனால் இரவு ஒன்பதரைக்குப் படுத்துவிடுவார். டியூஷன் முடிந்து இவன் பத்து மணிக்கு வீட்டுக்குப் போனால் கதைக்க ஆளில்லை. சோறும் மீன் ஆணமும் பீங்கானால் மூடி வைத்திருக்கும். “உம்மா கேக்கிறல்ல” என்றான். உண்மைதான், கேட்பதில்லை. மூடி வைத்துவிட்டுப் படுக்கிறார். அந்தப் பீங்கானைப் பற்றி நான் அவனுக்குப் பெரிய விளக்கம் கொடுக்கவில்லை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது விளக்கத்தால் விளங்காது, எனக்கும் ஒரு ஒழுகும் கூரை விளங்க முப்பது வருடம் போனது. அதோடு, அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் நாங்கள் கேட்கிற கேள்விகளை ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். எத்தனை புள்ளி, தொழுதாயா, எங்கே போனாய், ஃபோனில் என்ன பார்க்கிறாய். மூன்று வருடம் அவனுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். சாப்பிட்டாயா என்று நானும் ஒரு நாள் கேட்டதில்லை. ஒரு கம்பனி கேட்டிருக்கிறது.

செயலியை அழி என்று நான் சொல்லவில்லை. சொன்னால் என் முன்னால் அழிப்பான், வீட்டுக்குப் போய்த் திரும்ப இறக்குவான். வாப்பாவோடு கதைப்பாயா என்று மட்டும் கேட்டேன். அவருக்கு வேலை நேரம் ஒத்துவராது, வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவார், மூன்று நிமிடம் நாலு நிமிடம் நீளும் என்றான். கேட்பாயா? கேட்பேன் சேர், வேகத்தை இரண்டு மடங்காக்கிக் கேட்பேன், எப்பவும் ஒரே கதைதானே.

நான் கெசட் கதையைச் சொன்னேன். மாமா காதைத் திருகினதையும் சொன்னேன். சிரித்தான். ஒரே ஒரு செய்தியை மட்டும் வேகம் கூட்டாமல் கேட்டுப் பார் என்றேன். வீட்டு வேலையாக எடுத்துக்கொள், புள்ளி கிடையாது.

மூன்று நாள் கழித்து இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். செயலி இன்னும் இருக்கிறதாம், அதை முதலில் சொல்லிவிட்டான். பிறகு கொஞ்சம் தயங்கி, “வாப்பாக்கு இருமல் சேர்” என்றான். “கன நாளா இருமுறார் போல. வேகத்தில போட்டா விளங்கல்ல.”